ஓதம் ஏறும் சுவர்கள்: வீடு வாங்குவோர்க்குச் சில இயற்பியல் குறிப்புகள்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்று சென்னையின் தென்புறத்தில் வீட்டைக் கட்டிப் பார்ப்பவரை விட, கட்டிய வீட்டை வாங்கிப் பார்ப்பவரே மிகுதி. மனை விலை ஏறிவிட்டது. கட்டுவதற்கு நேரமும் இல்லை. எனவே தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, முடிச்சூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தரகர் பின்னே நடப்பவர்கள் பலர்.

அவ்வாறு செல்வோர் பத்திரத்தைப் படிக்கின்றனர், வில்லங்கச் சான்று எடுக்கின்றனர், வாஸ்து பார்க்கின்றனர், தண்ணீர் இனிப்பா உப்பா என்று ஒரு வாய் குடித்தும் பார்க்கின்றனர். ஆனால் சுவரைப் படிப்பவர் சிலரே. சுவரும் ஒரு பத்திரந்தான். அவ்வீடு எத்தனை மழையைக் கண்டது, எங்கே ஒழுகியது, எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கும் முறையை நம் வகுப்பில் பயிலும் இயற்பியலைத் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையோடு என் அண்ணன் வங்கிக் கடனும் சேர்த்து ஒரு சிறு வீடு வாங்க எண்ணினார். என் தாயாருக்கு மூச்சிரைப்பு உண்டு. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஐப்பசி பிறந்தால் சுவரில் பூஞ்சை பிறக்கும். அவருக்கு இரைப்பும் பிறக்கும். ஆதலின் எங்களுக்கு வீட்டின் அழகை விட அதன் ஈரமே முதற் கேள்வியாயிற்று. கையில் இருந்த பணமோ ஒரு முறைக்கு மட்டுமே போதுமானது.

நிலத்தின் இயல்பு

சுவரைப் பார்க்குமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் அடியில் கிடப்பது கடினமான கரும்பாறை. இதற்குச் ‘சார்னோக்கைட்’ என்று பெயர். பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளை ஆராய்ந்த ஹாலந்து என்னும் புவியியலார், கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இவ்வகைப் பாறையே எனக் கண்டு, 1893-இல் அவர் பெயரையே இதற்கு இட்டார். இப்பாறையின் வழியே நீர் எளிதில் கீழிறங்காது. பாறைக்கு மேலே உள்ள மண்ணும் சிதைந்த பாறையும் எவ்வளவு ஆழமோ அவ்வளவே மழைநீர் உள்ளே போக முடியும். அது நிறைந்தவுடன் நீர் மேலே நிற்கும். மேட்டில் உள்ள வீட்டுக்கு இது நன்மை. பள்ளத்தில் உள்ள வீட்டுக்குத் தீமை.

நம் முன்னோர் இவ்வியல்பை அறிந்து இப்பகுதியெங்கும் ஏரிகளை வெட்டினர். செம்பாக்கம், சேலையூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, வேளச்சேரி என எங்கு நோக்கினும் ஏரிகளே. பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயரில் உள்ள ‘தாங்கல்’ என்பதே சிறு ஏரியைக் குறிக்கும் சொல். அந்த ஏரிகளின் கீழே இருந்த நஞ்சை வயல்கள் பின்னர் மனைகளாயின. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அது 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மேற்கே அடையாறு. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரை ஏந்தி வரும் அவ்வாறு, வரதராஜபுரம், முடிச்சூர் ஓரமாகச் சென்று, திருநீர்மலைப் பக்கத்தில் செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் ஏற்றுக்கொள்கிறது.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்துவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, செம்பரம்பாக்கத்தில் 47. அதாவது ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில்! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் புறநகர் வெள்ளத்தில் நின்றது.

வெள்ளம் வடிந்துவிடும், ஆனால் சுவர் குடித்த தண்ணீர் அவ்வளவு விரைவில் வடியாது. அதைத்தான் நாம் ‘ஓதம்’ என்கிறோம்.

ஈரம் மேலே ஏறுவது எங்ஙனம்?

தண்ணீர் பள்ளத்தை நோக்கியே ஓடும் என்பது உலகறிந்த உண்மை. அப்படியிருக்க, சுவரில் அது மேலே ஏறுவது எப்படி? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத்தான். முதலாமாண்டில் நாம் படித்த நுண்புழை ஏற்றமே இங்கும் நிகழ்கிறது. பரப்பு இழுவிசையின் காரணமாக ஒரு நுண்ணிய குழாயில் நீர் தானாகவே ஏறும். குழாய் எவ்வளவு குறுகலோ, ஏற்றம் அவ்வளவு மிகுதி. இதுவே ஜூரின் விதி.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர் ஏறும். ஆரம் அதில் நூற்றில் ஒரு பங்கானால், ஏற்றம் நூறு மடங்காகி 1.5 மீட்டர் ஆகும். செங்கல்லுக்குள்ளும் காரைக்குள்ளும் இதைவிட நுண்ணிய துளைகளும் உண்டு. விதியை மட்டும் நம்பினால் ஓதம் மாடி வரை ஏற வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. காரணம், ஏறும் நீர் சுவரின் இருபுறத்திலும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து ஏறும் நீரும் பக்கத்தில் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரமே நாம் காணும் ஓதக்கோடு.

இந்தச் சமநிலையைப் புரிந்துகொண்டவர் ஒரு பெரும் ஏமாற்றிலிருந்து தப்பலாம். ஓதம் தெரியாமலிருக்கச் சிலர் சுவரின் கீழ்ப்பாதியில் பளபளப்பான டைல்ஸ் ஒட்டிவிடுகின்றனர். வேறு சிலர் நீர் புகாத பெயிண்ட் அடிக்கின்றனர். இதனால் நீர் ஏறுவது நிற்பதில்லை. ஆவியாகும் வழிதான் அடைபடுகிறது. எனவே ஓதம் டைல்ஸின் மேல் விளிம்பையும் தாண்டி இன்னும் உயரமாக ஏறுகிறது. நோயை மறைக்கப் போய் நோயை வளர்த்த கதை இது.

இதை நேரில் காண விரும்புவோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு தட்டில் விரல் தடிமன் தண்ணீர் ஊற்றி, உலர்ந்த சூளைச் செங்கல் ஒன்றையும் கருங்கல் துண்டு ஒன்றையும் நிறுத்தி வையுங்கள். நான் மாலையில் வைத்தேன். மறுநாள் காலையில் செங்கல் வெகு உயரம் வரை கறுத்து ஈரமாயிருந்தது. கருங்கல் தண்ணீர் தொட்ட இடத்தோடு சரி. பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு மேலே இரண்டு மூன்றடிக்குக் கருங்கல்லால் பேஸ்மட்டம் எழுப்பி, அதன்மேல் செங்கல் சுவரை வைத்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தெருவிலிருந்து படியேறித் திண்ணையை அடைய வேண்டியிருந்ததும் அழகுக்காக மட்டும் அன்று.

உப்பின் வேலை

தண்ணீர் தனியே ஏறுவதில்லை. மண்ணிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. வெண்மையாகப் பஞ்சு போலச் சுவரில் பூப்பது இதுவே. இதைத் துடைத்தெடுத்து வெள்ளையடித்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் கெடுதல் மேலே பூக்கும் உப்பால் அன்று, பூச்சுக்குள்ளேயே படிகமாகும் உப்பால்தான். எடுத்துக்காட்டாக, சோடியம் சல்ஃபேட் நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். நுண்துளைக்குள் அது விரியும்போது பூச்சு தாங்காமல் பொரிந்து உதிர்கிறது.

நைட்ரேட், குளோரைடு முதலிய உப்புகளுக்கு வேறொரு குணமும் உண்டு. அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சமையலறையில் திறந்து வைத்த உப்பு மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்போம். சுவரில் தங்கிய உப்பும் அவ்வாறே. ஆகவே கீழிருந்து நீர் வருவதை நிறுத்திய பின்னும், உப்பேறிய பழைய பூச்சைக் கொத்தி எடுக்காவிட்டால், ஐப்பசி தோறும் சுவர் மீண்டும் ஈரமாகும். கழிவுநீர் கலந்த வெள்ளத்தில் நின்ற வீடுகளில் இத்தொல்லை அதிகம்.

உப்பு மண்ணிலிருந்து மட்டுமன்றிக் கட்டும்போதே வருவதும் உண்டு. புறநகரில் பல வீடுகள் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கட்டப்பட்டவை. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று இந்தியத் தர நிறுவனத்தின் விதி கூறுகிறது. மீறினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பை விட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடிக்கும். மேல்தளத்தில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக வெடிப்பு ஓடினால், அது சாதாரண ஓதமன்று. பொறியாளரைக் கேட்காமல் அவ்வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாகாது.

மூவகை ஈரம்

சுவரில் ஈரத்தைக் கண்டவுடன் அஞ்சி ஓட வேண்டியதில்லை. அது எவ்வகை என்று அறிய வேண்டும்.

முதல் வகை, நிலத்திலிருந்து ஏறுவது. தரையை ஒட்டிச் சுவர் நெடுகத் தொடர்ந்து காணப்படும், மேல்விளிம்பு ஏறத்தாழ ஒரே மட்டமாக இருக்கும், உப்பு பூக்கும்.

இரண்டாம் வகை, வெளியிலிருந்து புகுவது. மொட்டைமாடி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு, குளியலறை, உடைந்த குழாய் ஆகிய ஏதோ ஓரிடத்திலிருந்து வரும். இது திட்டுத்திட்டாக இருக்கும். கூரையில் பழுப்பு வளையங்களாகத் தெரியும். மழை பெய்தால் பெருகும். வெயில் அடித்தால் சுருங்கும். மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் மாறாமலிருந்தால் குழாயில்தான் கசிவு என்று கொள்ளலாம்.

மூன்றாம் வகை, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து படிவது. நம் ஊரில் குளிர் குறைவாதலின் இது அருமை என்று நினைப்போம். ஆனால் மழைக்காலக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஏ.சி. ஓடும் அறையை அடுத்த சுவரிலும், காற்றோட்டமில்லாத அலமாரியின் பின்னும் கரும்பூஞ்சை படர இது போதும்.

இம்மூன்றாம் வகையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஓர் அலுமினியத் தாளை நான்கு விளிம்பும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டு வைக்க வேண்டும். அறையை நோக்கிய பக்கம் ஈரமானால் அது காற்றின் ஈரம். சுவரை நோக்கிய பக்கம் ஈரமானால் அது சுவரின் ஈரம். ஈரத்தைக் காட்டும் மின்கருவி ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அது மின்தடையை அளந்தே ஈரத்தைச் சொல்வதால், சுவரில் உப்பு மிகுந்திருந்தால் உள்ளதை விட அதிக ஈரம் காட்டும். எனவே கருவி சொன்னதைக் கண்ணால் கண்டதோடு ஒத்துப் பார்த்தல் நலம்.

பூஞ்சை வெறும் அழுக்கன்று. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. எங்கள் வீட்டில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

நாங்கள் கண்ட மூன்று வீடுகள்

வைகாசியில் நாங்கள் வீடு பார்க்கச் சென்றபோது, எங்களுக்குத் தெரிந்த கொத்தனார் மேஸ்திரி ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். அவர் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர். ஆனால் சுவரைப் படிப்பதில் பேராசிரியர். பார்த்தவற்றுள் மூன்று வீடுகளை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் வீடு முடிச்சூர்ப் பக்கம். புதுப் பெயிண்ட் மணம் வாசலிலேயே வரவேற்றது. கூடத்தில் நான்கடி உயரத்துக்கு டைல்ஸ். விலையும் எங்களுக்கு எட்டுவதாக இருந்தது. மேஸ்திரி உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, டியூப் லெவலை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். சாலையின் மட்டத்தையும் வீட்டுத் தரையின் மட்டத்தையும் ஒப்பிட்டார். தரை சாலையை விட முக்கால் அடி தாழ்வு! “தம்பி, வீடு இறங்கல, ரோடு ஏறியிருக்கு” என்றார். பழைய தார்த்தளத்தின் மேலேயே மேலும் மேலும் தளம் போட்டதால் நேர்ந்தது இது. பழையதைச் சுரண்டியெடுத்த பின்பே புதிது போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவுறுத்தியது. ஆயினும் அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட சாலைகள் தாழ்வதில்லை. வீட்டின் பேஸ்மட்டம் சுற்றுத் தரையை விடக் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. இங்கோ கணக்கு எதிர்த்திசையில் இருந்தது.

பிறகு உள்ளே வந்து, டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டினார். பல இடங்களில் வெற்றோசை கேட்டது. டைல்ஸுக்கு மேலே விரலால் தடவச் சொன்னார். புதுப் பெயிண்ட் மெல்ல உப்பியிருந்தது. இறுதியாக, பெயிண்ட்காரரின் பிரஷ் போகாத இடங்களைக் காட்டினார்: மாடிப்படியின் அடி, மீட்டர் பெட்டியின் பின்புறம், அலமாரியின் உட்சுவர். படியின் அடியில் இடுப்புயரத்தில் ஒரு கோடு கிடந்தது. எதிர் வீட்டுப் பாட்டியம்மா, நாங்கள் கேட்காமலே, “பதினஞ்சுல ஜன்னல் வரைக்கும் தண்ணி, தம்பி” என்று முடித்துவைத்தார். வீட்டுக்காரர் இதில் ஒரு சொல்லும் எங்களிடம் சொல்லவில்லை.

இரண்டாவது, மேடவாக்கம் பக்கத்து அடுக்ககத்தில் ஒரு பிளாட். தரைமட்ட ஓதம் இல்லை. ஆனால் குளியலறைக் கூரையில் ஈரம் சொட்டியது. மேல்வீட்டுக் குளியலறையின் கசிவு அது. பழுது நம் தலைக்கு மேலே. பார்க்க வேண்டியவரோ மேல்வீட்டுக்காரர். அவர் வெளியூரில் இருந்தார். சங்கமும் ஒற்றுமையாக இல்லை. நோய்க்கு மருந்து உண்டு, கொடுக்கத்தான் ஆளில்லை.

மூன்றாவது, சேலையூர்ப் பக்கத்து மேட்டில் ஒரு பழைய தனி வீடு. பார்த்தவுடன் அண்ணன் முகம் சுளித்தார். முன்னறைக் கூரையில் பெரிய பழுப்புக் கறை. பெயிண்ட் உரிந்து தொங்கியது. ஆனால் தரையை ஒட்டிய சுவர்கள் காய்ந்திருந்தன. படியின் அடியும் காய்ந்திருந்தது. தரை தெருவை விட மூன்று படி உயரம். மொட்டைமாடிக்குச் சென்றோம். மழைநீர்க் குழாயின் வாயருகே தட்டோடு பெயர்ந்து, பள்ளம் விழுந்து, அங்கே இலைகள் மக்கிக் கிடந்தன. கூரைக் கறையும் அதன் நேர் கீழேதான். கான்கிரீட்டில் கம்பி வெளிப்படவில்லை, வெடிப்பும் இல்லை. “இது சளி, அது காசம்” என்றார் மேஸ்திரி. இதைவிடச் சுருக்கமாக இவ்விரு ஈரத்தின் வேறுபாட்டை எந்த நூலும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்காரர் கறையை மறைக்கவில்லை. பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்தும் கொடுத்தார். நாங்கள் அதையே வாங்கினோம். ஆடிக்குள் பழுதடைந்த தளத்தைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து மீண்டும் போட்டாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போயிற்று. கூரை காய்ந்தே இருந்தது. என் தாயாரின் இரைப்பு அறவே நின்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வாண்டு மழைக்காலத்தில் அவர் இரவில் படுத்து உறங்கினார்.

சீர்செய்யும் முறை

கூரைக் கசிவுக்குச் சென்னையில் நெடுநாளாக உள்ள மருந்து, கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, வாட்டம் கொடுத்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பது. முற்காலத்தில் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பர். இன்று அதனடியில் நீர்த்தடைப் பூச்சும் இடுகின்றனர். எதைச் செய்தாலும் முடிவில் குழாய் வாயை அடைத்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்த்த பின்பே கூலிக்கணக்கை முடிக்க வேண்டும்.

நிலத்து ஓதத்துக்கு மருந்து கடினம். வீட்டைச் சுற்றி மண் ஏறியிருந்தால் அதைத் தாழ்த்துதல், சுவரோரம் நீர் நில்லாமல் வடிகால் அமைத்தல், பூந்தொட்டி வரிசையை அகற்றுதல் ஆகியவை முதற்படி. அடுத்தது, சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு, நீரை விலக்கும் சிலேன், சிலாக்சேன் வகை மருந்தைச் செலுத்தி ஒரு தடுப்புப் படலம் உண்டாக்குதல். அதன்பின் ஓதக்கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி இரண்டடி வரை உப்பேறிய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதிலும் அவசரம் கூடாது. ஓர் அங்குலத் தடிமன் சுவர் உலர ஒரு மாதம் என்பது கட்டடத் துறையினரின் தோராயக் கணக்கு. அப்படியாயின் ஒன்பது அங்குலச் சுவருக்கு முக்கால் ஆண்டு ஆகும். தரையே சாலைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு இவை எதுவும் முழு மருந்தாகா. தரையை உயர்த்த வேண்டும். அல்லது வீட்டையே உயர்த்த வேண்டும். அச்செலவையும் சேர்த்துத்தான் அவ்வீட்டின் விலையைக் கணக்கிட வேண்டும்.

சட்டம் தரும் துணை

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, தனக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் வெளியிட வேண்டும் என்கிறது. வேறு ஒப்பந்தம் இருந்தால் நிலை மாறலாம். இதில் ‘சாதாரணக் கவனம்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த கறையைப் பாராமல் வாங்கிவிட்டுப் பின்னர் வழக்காடுதல் கடினம்.

கட்டுநரிடம் நேராகப் புது வீடு வாங்குவோர்க்கு 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டை அதன் உரிமையாளரிடமிருந்து வாங்கும்போது இப்பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது.

வீடு வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. முதலில் ஒருமுறை வெயிலில் பார்த்தாலும், முடிவு செய்யுமுன் ஒருமுறை மழை பெய்த மறுநாள் பாருங்கள்.

2. அரசுப் பதிவேட்டில் அந்நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று பாருங்கள். நஞ்சையாயின் பழைய ஏரியும் கால்வாயும் எங்கே இருந்தன என்று கேளுங்கள்.

3. சாலை மட்டம், வாசல் மட்டம், உள்தரை மட்டம் மூன்றையும் அளவுங்கள்.

4. கீழ்ச்சுவரில் மட்டும் புது டைல்ஸோ புதுப் பெயிண்டோ இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

5. மாடிப்படியின் அடி, பரண், அலமாரியின் உட்புறம், கட்டிலுக்குப் பின்புறம் ஆகியவற்றை விளக்கடித்துப் பாருங்கள். கதவு நிலையின் அடிப்பகுதி உளுத்திருக்கிறதா, கரையான் ஏறியிருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

6. மொட்டைமாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது குழாய் வாயை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள்.

7. பிளாட் ஆயின் மேல்வீட்டாரையும் சங்கத்தையும் விசாரியுங்கள்.

8. 2015-இலும் 2023-இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று, விற்பவரை அல்ல, தெருக்கோடிப் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள்.

9. பழுது இருந்தால் கொத்தனாரிடம் செலவை எழுதி வாங்கி, அதை வைத்தே விலை பேசுங்கள்.

முடிவுரை

ஈரமே இல்லாத வீடு நம் கடற்கரை மாவட்டத்தில் அரிது. அதன் காரணத்தை அறிய இயலுமா, அதைத் தடுப்பது நம் கையில் உள்ளதா என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். மேலிருந்து வரும் நீரைப் பெரும்பாலும் மனிதன் தடுத்துவிடலாம். பள்ளத்தில் நிற்கும் நீரோடு போராடுவது தலைமுறைப் போராட்டம்.

2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரமும் செம்பாக்கமும் பெருங்களத்தூரும் அதில் சேர்ந்தன. ஊர் வளர வளர வீடுகள் பெருகும். விற்போரும் வாங்குவோரும் பெருகுவர். நம்முள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் நம் வீட்டில் முதல் ஆளாகச் சம்பளம் வாங்கப் போகிறவர்கள். பெற்றோரின் சேமிப்பை வைத்து வீடு பார்க்கப் போகிறவர்கள். அப்போது நுண்புழை ஏற்றம் என்பது ஐந்து மதிப்பெண் வினா மட்டும் அன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு நாணயம், ஒரு கைவிளக்கு, ஒரு டியூப் லெவல், அனுபவமுள்ள ஒரு கொத்தனார் ஆகிய இந்நான்கும் உடனிருந்தால், சுவர் தன் கதையைத் தானே சொல்லும்.